ஹெக்டேருக்கு மூன்று டன்

கம்போடியாவின் நெல் வயல்கள் பெரும்பாலும் வானம் பார்த்தவை. ஆண்டுக்கு ஒரு போகம். போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஒரு ஹெக்டேரில் சுமார் ஒரு டன் நெல் கண்டுமுதல் ஆனது. 1976 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், ஆட்சியைப் பிடித்திருந்த கெமர் ரூஜ் தலைமை எழுதி முடித்த நான்காண்டுத் திட்டம், 1977 தொடங்கி ஹெக்டேருக்கு மூன்று டன் என்று இலக்கு வைத்தது. உரம் இல்லை. டிராக்டர் அபூர்வம். பொறியாளர்களிலும் வேளாண் அலுவலர்களிலும் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். தப்பியவர்கள் தங்கள் தொழிலை வெளியே சொல்லாமல் சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்சியின் கையில் இருந்தது ஆள் பலம் ஒன்றுதான். அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தடம் பிடித்துப் போனால், 1975 ஏப்ரல் 17ஆம் நாள் புனோம் பென் நகரத்துத் தெருக்களில் போய் நிற்போம்.

நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் கம்போடியப் புத்தாண்டும் வரும். அந்த ஆண்டு அதைக் கொண்டாடும் நிலையில் ஊர் இல்லை. அதிபர் லோன் நோல் ஏப்ரல் முதல் தேதியே நாட்டைவிட்டுப் போய்விட்டார். 12ஆம் தேதி அமெரிக்கத் தூதரகம் ஹெலிகாப்டர்களில் காலி செய்துகொண்டு கிளம்பியது. 17ஆம் தேதி காலையில் கறுப்பு உடையும் ரப்பர் செருப்புமாகக் கெமர் ரூஜின் இளம் வீரர்கள் உள்ளே வந்தபோது, சண்டை ஓய்ந்ததே என்று சிலர் வெள்ளைத் துணி அசைத்து வரவேற்றார்கள். சில மணி நேரத்துக்குள் ஒலிபெருக்கி அறிவிப்பு மாறியது. அமெரிக்க விமானங்கள் குண்டு போடப்போகின்றன, இரண்டு மூன்று நாளைக்கு வெளியே போங்கள், பூட்டுப் போட வேண்டாம், வீட்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்போது நகரத்தில் இருந்தார்கள். போருக்கு முன் ஆறு லட்சமாக இருந்த ஊர் அது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்பவர்கள் யார் என்ற கேள்வியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். அவர்கள் உழவர்கள். 1969 முதல் 1973 ஆகஸ்ட் வரை அமெரிக்க விமானங்கள் கம்போடிய மண்ணில் ஐந்து லட்சம் டன் அளவுக்குக் குண்டு கொட்டின. அதற்கும் தரைப் போருக்கும் அஞ்சி, கிராமத்தை விட்டுத் தலைநகரில் ஒண்டிக்கொண்டவர்கள் அவர்கள். நகரத்து ஒட்டுண்ணிகளை வயலுக்குத் துரத்துகிறோம் என்று புரட்சி சொன்னது. துரத்தப்பட்டவர்களில் பாதிக்கும் மேல் வயலிலிருந்து ஓடி வந்தவர்கள்தாம்.

மருத்துவமனைகளிலிருந்து நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு வந்ததை அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பிரான்சுவா பொன்ஷோ பதிவு செய்திருக்கிறார். ஹாங் நோர் என்ற மருத்துவர் அன்று அறுவை அரங்கில் இருந்தார். துப்பாக்கியோடு வந்தவர்கள் டாக்டர் எங்கே என்று கேட்க, டாக்டர் போய்விட்டார் என்று அவரே சொல்லித் தப்பினார். அன்று தொடங்கிய அந்தப் பொய்யை நான்கு ஆண்டுகள் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர் மகப்பேறு மருத்துவர், ஆனால் அவருடைய மனைவியே பிரசவத்தில் இறந்தார். கருவியும் இல்லை, தன் தொழிலைக் காட்டிக்கொள்ளவும் வழியில்லை. பின்னாளில் ‘த கில்லிங் ஃபீல்ட்ஸ்’ படத்தில் நடித்து ஆஸ்கர் பெற்றவர் இவர்தான்.

எந்தச் சாலையில் போவது என்பதும் அவரவர் விருப்பமாக இல்லை. வடக்கு, கிழக்கு, தென்மேற்கு என்று வெவ்வேறு மண்டலப் படைகள் நகரத்தைப் பிரித்துப் பிடித்திருந்தன. எந்தப் படை பிடித்த தெருவில் இருந்தாயோ, அந்தப் படையின் திசையில் நீ நடக்க வேண்டும். காலையில் சந்தைக்குப் போன மனைவி வடக்கேயும் வீட்டிலிருந்த கணவன் தெற்கேயும் போனது இப்படித்தான். கொளுத்தும் ஏப்ரல் வெயிலில் நாளுக்குச் சில கிலோமீட்டர் நகர்ந்தார்கள். வழியெங்கும் சோதனைச் சாவடிகள். தன் வரலாறு சொல்லும்படி கேள்விகள். அதிகாரிகளும் படை வீரர்களும் முன்வந்து பெயர் கொடுங்கள், இளவரசர் சிஹானூக்கை வரவேற்கப் போகிறோம் என்றும் அழைப்பு வந்தது. நம்பிப் பெயர் கொடுத்தவர்கள் திரும்பவில்லை.

ஏன் காலி செய்தார்கள்? குண்டுவீச்சுக் கதை பொய் என்பது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. நகரத்தில் சோறு இல்லை, சோறு இருக்கும் இடத்துக்கு மக்களைக் கொண்டுபோனோம் என்பது கெமர் ரூஜ் தலைவர்களில் ஒருவரான இயெங் சாரி வெளிநாட்டு நிருபர்களுக்குச் சொன்ன விளக்கம். இதை நம்பி நூல் எழுதிய மேலை ஆய்வாளர்களும் இருந்தார்கள். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாத விளக்கம்தான். மீகோங் ஆற்றுவழி 1975 தொடக்கத்திலேயே அடைபட்டு, நகரம் விமானத்தில் வந்த அரிசியில் உயிர் வாழ்ந்தது. ஆனால் ஏப்ரல் என்பது கம்போடிய உழவர் விதைக்கவே தொடங்காத மாதம். அறுவடைக்கு இன்னும் ஏழு எட்டு மாதம் இருந்தது. போன இடத்தில் களஞ்சியம் நிறைந்திருக்கவில்லை. வந்த வெளிநாட்டு உதவியையும் வேண்டாம் என்றார்கள். பசிக்கு அஞ்சி மக்களை நகர்த்துகிறவன் வழியில் ஒரு கஞ்சித் தொட்டியாவது வைப்பான்.

ஆட்சித் தலைவர் போல் பாட் 1977இல் பீஜிங்கில் பேசியபோது மூன்றாவது காரணம் ஒன்றைச் சொன்னார். வெற்றிக்கு முன்பே, 1975 பிப்ரவரியிலேயே முடிவெடுத்தோம். நகரத்தில் உளவாளிகள் மண்டியிருந்தார்கள் என்றார். ஐ.நா. துணையோடு அமைந்த புனோம் பென் தீர்ப்பாயம் முடிவின் தொடக்கத்தை 1974 ஜூனுக்கே கொண்டுபோகிறது. அதற்கும் முன்னோட்டங்கள் உண்டு. 1973இல் கிராச்சே நகரத்தைக் காலி செய்தார்கள். 1974 மார்ச்சில் பழைய தலைநகரான ஊடோங்கைப் பிடித்ததும் ஏறத்தாழ இருபதாயிரம் பேரைக் காட்டுக்கும் வயலுக்கும் நடத்திச் சென்றார்கள். ஆகவே புனோம் பென் அவர்களுக்குக் கைப்பழக்கமான வேலைதான், அளவுதான் பெரிது.

இதற்கு மூலவிதை, இயக்கத் தலைவர்கள் பாரிஸில் எழுதிய ஆய்வேடுகளில் இருக்கிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். கியூ சாம்பான் 1959இல் கம்போடியப் பொருளாதாரம் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார் என்பது உண்மை. அதில் நகரத்தைக் காலி செய்யும் யோசனை இல்லை. தொழில் வளர்ச்சிக்கான, ஓரளவு மிதமான சீர்திருத்தத் திட்டம்தான் இருக்கிறது. உழவர் சுரண்டல் பற்றி 1955இல் இன்னும் கூர்மையாக எழுதிய ஹூ யூன், நகரத்தை வெளியேற்றுவதை எதிர்த்தார் என்றே சொல்லப்படுகிறது. 1975க்குப் பிறகு அவரைக் காணவில்லை. தலைமையில் பலர் ஆசிரியர்களாக இருந்தவர்கள். போல் பாட்டே புனோம் பென்னில் பிரெஞ்சு இலக்கியமும் வரலாறும் கற்பித்தவர். படித்த படிப்பின் மேல் பழியைப் போடுவது எனக்கு வசதியான விடையாகத் தோன்றுகிறது. சீனத்தின் 1958ஆம் ஆண்டு ‘பெரும் பாய்ச்சல்’ இன்னும் நெருங்கிய முன்மாதிரி. அதையும் மிஞ்சப்போகிறோம் என்று தங்கள் திட்டத்துக்கு ‘மாபெரும் பாய்ச்சல்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். சீனம்கூடத் தன் நகரங்களைக் காலி செய்யவில்லை. பணத்தை ஒழிக்கவுமில்லை.

வெளியேற்றத்தின் உள்நோக்கத்தை எனக்குத் தெளிவாகக் காட்டுவது ஏப்ரல் 17 அல்ல, அதற்குப் பிந்திய ஓர் அலுவலகக் குறிப்பு. 1975 ஆகஸ்டில் கட்சியின் நிலைக்குழு வடமேற்கு மண்டலத்துக்குப் போய்ப் பார்த்தது. பட்டம்பாங்கை உள்ளடக்கிய அந்த மண்டலம் நாட்டின் நெற்களஞ்சியம். நிலம் இருக்கிறது, ஆள் போதவில்லை, இன்னும் நான்கைந்து லட்சம் பேர் வேண்டும் என்று எழுதினார்கள். சில வாரங்களில் இரண்டாம் இடப்பெயர்ச்சி தொடங்கியது. ஏப்ரலில் தெற்கிலும் தலைநகரைச் சுற்றியும் குடியமர்த்தப்பட்டவர்களைப் படகிலும் லாரியிலும் ரயிலிலும் ஏற்றி வடமேற்குக்கு அனுப்பினார்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் 3,30,000 முதல் 4,30,000 பேர் என்பது தீர்ப்பாயத்தின் கணக்கு. இம்முறை குண்டுவீச்சுக் கதை தேவைப்படவில்லை. விண்ணப்பம் போட்டு மூட்டை வரவழைப்பதுபோல ஆள் வரவழைத்திருக்கிறார்கள்.

இப்படிப் பார்க்கும்போது முதல் வெளியேற்றமும் வேறு உருவம் கொள்கிறது. வீடு இல்லாதவன், கையில் பணம் இல்லாதவன், செல்லுபடியாகும் பணமே இல்லாத நாட்டில் இருப்பவன், சந்தைக்குப் போக முடியாதவன், உறவினர் எங்கே என்று தெரியாதவன் — இவனுக்குக் கூலி பேச வாய் ஏது? அடிமைச் சந்தை பல தலைமுறைகளில் செய்கிற வேலையை ஒரு வார நடைப்பயணம் செய்து முடித்தது. சீனத்தில் அச்சிட்டு வைத்திருந்த புதிய பணத்தாள்களைக்கூட ஆட்சி வெளியிடவில்லை. தலைநகரின் மத்திய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பழைய தாள்கள் தெருவில் சருகோடு சருகாகப் பறந்தன.

வந்தவர்களுக்கு ‘புது மக்கள்’ என்று பெயர். ‘ஏப்ரல் 17 மக்கள்’ என்றும் சொன்னார்கள். புரட்சிக்கு முன்பே கெமர் ரூஜ் பிடியிலிருந்த கிராமத்தார் ‘பழைய மக்கள்’. பழையவர்களுக்குச் சிறிது சலுகையும் பொறுப்பும் உண்டு. புதியவர்களிடம், உன்னை வைத்திருப்பதால் லாபமும் இல்லை, இழப்பதால் நட்டமும் இல்லை என்ற பொருளில் ஒரு முழக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொன்னது கட்சி அல்ல, ‘அங்கார்’. அமைப்பு என்று பொருள். நம் ‘அங்கம்’ என்ற சொல்லுக்கு உறவு. 1977 செப்டம்பர் வரை கம்யூனிஸ்ட் கட்சி என்ற பெயரையே வெளியில் சொல்லாமல், அந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஆண்டார்கள். அங்காருக்கு அன்னாசிப் பழம்போல உடம்பெல்லாம் கண் என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். கெமர் மொழியில் ‘கோ’ என்றால் இலவ மரம், ஊமை என்றும் பொருள். வாசலில் இலவ மரம் நடு என்றால் வாயை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தம். பழைய வாழ்க்கையை நினைத்து ஏங்குவதற்குக்கூட ‘நினைவு நோய்’ என்று பெயரிட்டுக் குற்றமாக்கினார்கள்.

வேலை என்றால் முதலில் மண் வேலை. மூன்று டன் நெல்லுக்கு இரண்டு போகம் வேண்டும், இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டும், தண்ணீருக்கு ஏரியும் கால்வாயும் வேண்டும். இந்தத் தர்க்கத்தில் தவறில்லை. அங்கோர் பேரரசு நீரைத் தேக்கி ஆண்டது. ‘அங்கோர்’ என்ற பெயரே ‘நகர’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. நகரங்களைக் காலி செய்தவர்கள் தங்கள் சிவப்புக் கொடியில் அங்கோர்வாட் கோபுரங்களை வைத்துக்கொண்டார்கள் என்பது வரலாற்றின் குறும்பு.

வடமேற்கில் திராபேயாங் துமா என்ற இடத்தில் 1977 தொடக்கத்தில் ஓர் ஏரிக்கரை வேலை தொடங்கியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குடும்பத்திலிருந்து பிரித்தெடுத்த இளைஞர்களும் இளம்பெண்களும், ‘நடமாடும் படை’ என்ற பெயரில் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். கையில் மண்வெட்டி, தோளில் காவுதடி, அதன் இரு நுனியிலும் மண் கூடை. ஆளுக்கு இத்தனை கன மீட்டர் என்று அளந்து கொடுத்தார்கள். ஒரு கன மீட்டரில் தொடங்கிய அளவு இரண்டு, மூன்று என்று ஏறியது. விடியுமுன் சங்கோ மணியோ ஒலிக்கும். இருட்டிய பிறகும் வேலை உண்டு. அளவை முடிக்காதவர்களுக்குக் கஞ்சி குறையும். இரண்டு மூன்று முறை முடிக்காதவர்களை இரவில் ‘படிக்க’ அழைத்துப் போவார்கள். படிக்கப் போனவர் எவரும் ஊர் திரும்பியதில்லை. கம்போங் தோமில் ‘ஜனவரி 1’ அணையும் கம்போங் சுனாங்கில் விமானத்தளமும் இதே முறையில் எழுந்தன. விமானத்தளத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதி ஆட்சியின் சந்தேகத்துக்கு ஆளான அதன் சொந்தப் படைவீரர்கள்.

பல கால்வாய்களை நிலத்தின் மேடு பள்ளம் பாராமல் வரைபடத்துக் கோடுபோல நேராக வெட்டினார்கள். நம் ஊரில் ஏரிக்கரை எங்கே வளைய வேண்டும் என்பதைத் தண்ணீர் ஓடும் திசையை வைத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அங்கேயும் அப்படிச் சொல்லத் தெரிந்த உழவர்கள் இருந்தார்கள். கேட்க ஆள் இல்லை. முதல் பெருமழையில் கரைகள் பல கரைந்தன. திராபேயாங் துமா கரையாமல் நின்றது. இன்றும் அதில் தண்ணீர் தேங்குகிறது. சாரஸ் கொக்குகளுக்கான சரணாலயமாக அதை அறிவித்திருக்கிறார்கள்.

சோற்றுக் கணக்குக்கு வருவோம். திட்டத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 312 கிலோ நெல் என்று எழுதியிருந்தது. அரைத்தால் நாளுக்கு அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான அரிசி. உழைக்கும் உடம்புக்குக் குறைவில்லாத அளவு. எத்தனை நாளுக்கு ஒரு முறை இனிப்பு என்றுகூட ஆண்டுவாரியாக எழுதி வைத்தார்கள்! வயலில் மூன்று டன் விளையவில்லை. விளையவில்லை என்று மேலே எழுதும் துணிச்சல் எந்த வட்டாரத் தலைவருக்கும் இல்லை. விளைந்ததாகவே எழுதினார்கள். மேலிடம், உங்கள் மக்கள் தின்றது போக இவ்வளவு உபரி இருக்குமே, அனுப்பு என்றது. இல்லாத உபரிக்கு இருந்த சோறு போனது. படைக்கும் சேமிப்புக்கும் ஓரளவு ஏற்றுமதிக்கும் லாரிகள் நெல் ஏற்றிக்கொண்டு போவதை, ஏற்றிவிட்ட கைகளே பார்த்து நின்றன. கொடுமைக்காரர்களின் வன்மம் கொன்றவர்களைவிட இந்தத் தாள் கணக்கு கொன்றவர்கள் குறைவில்லை.

வீட்டுச் சமையலை ஒழித்துப் பொதுக்கூடத்தில் உண்ண வைத்தபோது பானைகளையும் வாங்கிக்கொண்டார்கள். அரிசியை அளக்கக் காலியான பால் டப்பாதான் படி. பத்துப் பேருக்கு ஒரு டப்பா அரிசி போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் பருக்கையைத் தேட வேண்டும் என்று உயிர் பிழைத்தவர்கள் பலர் ஒரே மாதிரி சொல்கிறார்கள். வயல் நண்டு, நத்தை, எலி, மரவள்ளி இலை என்று எதையாவது தனியாகப் பறித்துத் தின்றால் அது தனிச்சொத்துக் குற்றம். காய்ச்சலுக்குக் கொடுத்த வேர்மருந்து உருண்டைகளை மக்கள் முயல் புழுக்கை என்று அழைத்தார்கள்.

பட்டினி பரவியதும் திட்டம் தவறா என்று தலைமை யோசிக்கவில்லை. யார் கெடுத்தது என்று தேடியது. 1977இல் தென்மேற்கு மண்டலத் தலைவர் தா மோக்கின் ஆட்கள் வடமேற்குக்கு வந்து அங்கிருந்த பொறுப்பாளர்களைக் களையெடுத்தார்கள். பலர் புனோம் பென்னில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயங்கிய எஸ்-21 சிறைக்குப் போனார்கள். 12,000க்கும் மேற்பட்டோரை விழுங்கிய அந்தச் சிறையின் தலைவர் டுயிக் முன்னாள் கணித ஆசிரியர். நெல்லை எரித்தேன், மக்களைப் பட்டினி போட்டேன், அந்நிய உளவு நிறுவனத்துக்காகச் செய்தேன் என்று வாக்குமூலங்கள் வந்து குவிந்தன. விளைச்சல் குறைவுக்கு விளக்கம் கிடைத்துவிட்டதால் இலக்கை மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

விருந்தாளிகளும் வந்தார்கள். சில பத்தாயிரம் பேர் மட்டும் வாழ்ந்த தலைநகரத்தை அவர்கள் காரில் கடந்துபோனார்கள். 1978 ஆகஸ்டில் வந்த ஸ்வீடன் குழுவிலிருந்த குன்னர் பெர்க்ஸ்ட்ரோம் ஊர் திரும்பிப் புகழ்ந்து பேசினார். முப்பது ஆண்டு கழித்து மறுபடி போய் மன்னிப்புக் கேட்டார். ஆட்சியை ஆதரித்து எழுதிய பிரிட்டன் பேராசிரியர் மால்கம் கால்டுவெல் அதே ஆண்டு டிசம்பரில் புனோம் பென் விருந்தினர் மாளிகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போல் பாட்டைச் சந்தித்துப் பேசிவிட்டு வந்த நாள் அது.

பென் கியர்னன் என்ற வரலாற்றாய்வாளரின் கணக்கில், 1975இல் இருந்த ஏறத்தாழ 79 லட்சம் பேரில் சுமார் 16.7 லட்சம் பேர் மாண்டார்கள். புது மக்களில் நூற்றுக்கு 29, பழைய மக்களில் 16. கடை கண்ணி வைத்துப் பெரும்பாலும் ஊர்ப்புறம் பாராமல் வாழ்ந்த சீன வம்சாவளியினரில் பாதிப் பேர். தீர்ப்பாயத்துக்காகச் செய்த மக்கள்தொகை ஆய்வு மொத்தத்தை 17 லட்சத்துக்கும் 22 லட்சத்துக்கும் இடையில் வைக்கிறது. அதில் கொலையுண்டவர்கள் சுமார் எட்டு லட்சம். மீதிப் பேர் பசியும் நோயும் வேலையும் தின்றவர்கள். மண்டை ஓடுகள் அடுக்கிய நினைவிடங்கள் அந்த எட்டு லட்சத்தை நம் கண்ணில் நிறுத்துகின்றன. எஞ்சியவர்களைக் காட்ட ஒரு வரப்பும் ஒரு கால்வாயும்தான் உண்டு.

நீதி மெதுவாக வந்தது. போல் பாட் 1998 ஏப்ரலில், தாய்லாந்து எல்லையோரம் டாங்ரெக் மலைப் பகுதியில் இறந்தார். உடலைப் பழைய டயர்களையும் குப்பையையும் போட்டு எரித்தார்கள். டாங்ரெக் என்றால் கெமர் மொழியில் காவுதடி. 2014 ஆகஸ்ட் 7இல் ஆட்சியின் தலைவர்களான நுவோன் சியாவுக்கும் கியூ சாம்பானுக்கும் ஆயுள் தண்டனை விதித்த தீர்ப்பின் மையக் குற்றமே இந்த இரண்டு கட்ட இடப்பெயர்ச்சிதான். திராபேயாங் துமாவின் அடிமை உழைப்பு 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வருகிறது. ஒன்றையொன்று ஈன்ற இரு குற்றங்களை, வசதி கருதி, நீதிமன்றம் இரண்டு வழக்காகப் பிரித்து விசாரித்தது.

1979 ஜனவரி 7இல் வியட்நாம் படை தலைநகரைப் பிடித்தது. நாடு முழுவதும் மறுபடி சாலைகள் நிறைந்தன. இம்முறை எவரும் துப்பாக்கியை நீட்டவில்லை. பிரிந்த பிள்ளையைத் தேடியும் சொந்த ஊரைத் தேடியும் எலும்பும் தோலுமாக நடந்தார்கள். புனோம் பென்னை அடைந்தவர்களைப் புதிய அரசு பல மாதங்கள் உள்ளே விடவில்லை. ஊருக்கு வெளியே கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள். பிறகு அலுவலர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் முதலில் போனார்கள். காலியாய்க் கிடந்த வீட்டில் யார் நுழைந்தாரோ அது அவர் வீடு. பத்திரம் எங்கும் இல்லை. பத்திரம் வைத்திருந்த அலுவலகமும் இல்லை. சிலர் தங்கள் பழைய வீட்டு வாசலில் நின்று, உள்ளே வேறொரு குடும்பம் சமைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

2001ஆம் ஆண்டின் நிலச் சட்டம் இதை எழுத்தில் உறுதி செய்தது. 1979க்கு முந்தைய எந்த அசையாச் சொத்துரிமையையும் கம்போடிய அரசு ஏற்காது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று சொல்லி அனுப்பிய அந்த வீடுகள் பூட்டாமலேயே கைமாறிவிட்டன.